850 கன அடி என்றால் எத்தனை டன்?

2018 ஆகஸ்ட் 9ஆம் தேதி இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி அணையில் ஒரு ஷட்டரைத் தூக்கினார்கள். இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு அது திறக்கிறது என்பதால் கேரளத்து டிவி கேமராக்கள் எல்லாம் அங்கேதான் நின்றன. மலையாளச் செய்தியில் ‘விநாடிக்கு 50,000 லிட்டர்’ என்றார்கள். அணைப் பொறியாளர்கள் ‘50 கியூமெக்’ என்றார்கள். தமிழ்ப் பத்திரிகைக் கணக்குக்கு மாற்றினால் அது 1,766 கன அடி. தண்ணீர் ஒன்றுதான். ஆனால் 50 என்று கேட்டவருக்கு ‘இவ்வளவுதானா’ என்று இருக்கும், 50,000 என்று கேட்டவருக்கு வயிற்றைக் கலக்கும்.

களியக்காவிளைக்கு இப்பால் தமிழ்ப் பேப்பர் வாங்கிக்கொண்டு மலையாளச் செய்தியும் பார்க்கும் வீடுகள் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏராளம். ஐப்பசி மழையில் பேச்சிப்பாறை திறக்கிறது என்றாலோ, நெய்யாறு அணையில் ஷட்டர் உயர்கிறது என்றாலோ அவர்கள் காதில் ஒரே நாளில் மூன்று அலகுகள் விழும். அதற்கு மேல் டிஎம்சி, மில்லியன் கன அடி, ஏக்கர் அடி என்று வேறு வரும். இதையெல்லாம் ஒன்றுக்கொன்று மாற்றிப் பார்க்கப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. நாலைந்து எண்களை நினைவில் வைத்தால் போதும். கூடவே, எல்லாவற்றையும் எடைக்கு, அதாவது விநாடிக்கு இத்தனை கிலோ, மணிக்கு இத்தனை டன் என்று, மாற்றிப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். ஓடும் பொருள் எதுவானாலும் அதன் அளவை உடம்புக்குப் புரியும்படி சொல்வது எடைதான் என்பது என் கட்சி.

முதலில் கன அடி. ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் உள்ள பெட்டி நிறையத் தண்ணீர் என்றால் அது ஒரு கன அடி, 28.3 லிட்டர். விநாடிக்கு அப்படி ஒரு பெட்டி தண்ணீர் கடந்து போனால் அதுதான் கியூசெக். தமிழ்ச் செய்தியில் இதை ‘விநாடிக்கு இத்தனை கன அடி’ என்று எழுத வேண்டும். பாதி நேரம் ‘விநாடிக்கு’ விழுந்துவிடும். ‘அணையிலிருந்து 5,000 கன அடி தண்ணீர் திறப்பு’ என்று மட்டும் எழுதினால், அதை ஒரு கெட்டிக்கார வாசகர் மொத்தக் கணக்காக எடுத்துக்கொண்டு, ‘1,41,500 லிட்டர்தானே, பன்னிரண்டு தண்ணி லாரி கூட வராதே’ என்று சிரிக்கலாம். அவர்மேல் தப்பில்லை. இன்னொரு பக்கம், ‘நாளொன்றுக்கு விநாடிக்கு இத்தனை கன அடி’ என்று இரண்டையும் சேர்த்து எழுதும் வழக்கமும் இருக்கிறது. அதில் ‘நாளொன்றுக்கு’ என்பதற்கு ஒரு வேலையும் இல்லை.

இதேபோல் இன்னொரு மயக்கம், ‘48 அடி கொள்ளளவு கொண்ட பேச்சிப்பாறை அணை’, ‘77 அடி கொள்ளளவு கொண்ட பெருஞ்சாணி அணை’ என்று எழுதுவது. 48 அடியும் 77 அடியும் நீர்மட்டம், உயரக் கணக்கு. கொள்ளளவு அதுவல்ல. அடியை மட்டும் பார்த்தால் பெருஞ்சாணிதான் பெரிய அணை என்று தோன்றும். உண்மையில் பேச்சிப்பாறையில் சுமார் 4,350 மில்லியன் கன அடி பிடிக்கும். பெருஞ்சாணியில் சுமார் 2,890. தட்டையாக விரிந்த ஏரியில் ஒரு அடி ஏறுவதற்கும் குறுகிய பள்ளத்தாக்கில் ஒரு அடி ஏறுவதற்கும் வித்தியாசம் உண்டு.

இனி நினைவில் வைக்க வேண்டிய எண்களுக்கு வருவோம். நல்ல தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஆகவே ஒரு கன அடி தண்ணீர் 28.3 கிலோ, ஒரு கியூசெக் என்பது விநாடிக்கு 28.3 கிலோ. ஒரு மணி நேரத்துக்கு 3,600 விநாடி. பெருக்கினால் 1,01,900 கிலோ சொச்சம், அதாவது மணிக்கு 102 டன். இந்த ஒரு எண் போதும், மற்றதெல்லாம் இதற்குப் பின்னாலேயே வந்துவிடும். ஒரு கியூசெக், மணிக்கு சுமார் நூறு டன். 1,000 கன அடி என்று செய்தி வந்தால் மணிக்கு ஒரு லட்சம் டன். 10,000 என்றால் பத்து லட்சம் டன். இரண்டு சுழியைச் சேர்த்தால் கணக்கு முடிந்தது, பிழை இரண்டு சதவீதம்தான்.

ஒரு நாளைக்கு என்றால் அதே ஒரு கியூசெக் 2,447 டன். ஓராண்டு முழுக்க ஓடினால் 8 லட்சத்து 93 ஆயிரம் டன். வாய்க்காலில் கண்ணுக்கே தெரியாமல் ஓடுகிற ஒரு கியூசெக், வருஷக் கடைசியில் ஒன்பது லட்சம் டன்னை நெருங்குகிறது. பெரிய தொழிற்சாலைகளின் உற்பத்தியை ‘ஆண்டுக்கு பத்து லட்சம் டன்’ என்று பெருமையாகச் சொல்வார்கள். அதை விநாடிக் கணக்காக்கினால் 31.7 கிலோதான், ஒரு கியூசெக்கைவிட கொஞ்சம் அதிகம். ஆண்டு என்பது 3 கோடியே 15 லட்சத்து 36 ஆயிரம் விநாடி. ஆண்டுக் கணக்கில் மலைப்பாகத் தெரிகிற எண்கள் பலவும் இந்த எண்ணால் வகுத்தவுடன் தரைக்கு இறங்கிவிடும்.

கியூமெக் இன்னும் சுலபம். விநாடிக்கு ஒரு கன மீட்டர், ஆயிரம் லிட்டர், ஆகவே ஒரு டன். கியூமெக் என்று சொன்னாலே விநாடிக்கு இத்தனை டன் என்று வாசித்துக்கொள்ளலாம். செறுதோணியில் அன்று விட்டது விநாடிக்கு 50 டன். ஒரு கியூமெக்குக்கு 35.3 கியூசெக். மத்திய அரசின் வெள்ள எச்சரிக்கைகள் கியூமெக்கில் வரும், நம் பொதுப்பணித் துறையின் வழக்கம் கன அடி. மூலம் திருநாள் மகாராஜா காலத்தில் மிஞ்சின் என்ற பொறியாளர் கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணையைக் கட்டி 1906இல் முடித்தபோது அடியும் அங்குலமும்தான் அளவு. நாடு மீட்டருக்கு மாறிய பிறகும் அணைக்கட்டு மட்டும் மாறவில்லை. அதில் எனக்குக் குறையில்லை. நூறாண்டுப் பதிவேடுகள் ஒரே அலகில் இருப்பது நல்லதுதான்.

சரி, இந்த 850, 1,000 என்ற எண்களை யார் எப்படி அளக்கிறார்கள்? மாத்தூர் தொட்டிப்பாலத்தை எடுத்துக்கொள்வோம். பட்டணங்கால் தண்ணீரைப் பறளியாற்றுக்கு மேலாக இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கடத்த 1966இல் கட்டிய பாலம். மேலே நடந்து போகிறவர்கள் ஓரத்தில் கைப்பிடித்துக் கொண்டு கீழே ஆற்றைத்தான் பார்ப்பார்கள். பக்கத்திலேயே ஓடுகிற தொட்டியைப் பார்க்கிறவர் குறைவு. அந்தத் தொட்டி சுமார் ஏழரை அடி அகலம், ஏழு அடி உயரம். அதில் நாலு அடிக்குத் தண்ணீர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏழரை நாலு முப்பது. தண்ணீரின் குறுக்குவெட்டுப் பரப்பு முப்பது சதுர அடி. இனி வேகம் வேண்டும். தொட்டியின் ஓரத்தில் முப்பது அடி தூரத்துக்கு இரண்டு அடையாளம் போட்டு, ஒரு தேங்காய்க் கதம்பையைத் தண்ணீரில் போடுங்கள். முதல் அடையாளத்தைத் தாண்டி இரண்டாவதை எட்டப் பத்து விநாடி ஆனால் மேல்மட்ட வேகம் விநாடிக்கு மூன்று அடி. ஆனால் அடித்தண்ணீரும் சுவரோரத் தண்ணீரும் உரசிக்கொண்டு கொஞ்சம் மெதுவாகப் போகும். அதனால் சராசரி வேகத்துக்கு 0.85ஆல் பெருக்குவது வழக்கம். 2.55 அடி வருகிறது. முப்பதை 2.55ஆல் பெருக்கினால் 76.5 கன அடி. மணிக்கு 102 டன் கணக்கை வைத்தால், உங்கள் காலுக்குப் பக்கத்தில் மணிக்கு 7,800 டன் தண்ணீர் சத்தமில்லாமல் ஆற்றைத் தாண்டிக் கொண்டிருக்கிறது.

இங்கேயே இன்னொன்றையும் கவனித்துக் கொள்ளலாம். அந்தத் தொட்டியில் ஒரு அடி நீளத்துக்கு எந்த நேரமும் நிற்கிற தண்ணீர் முப்பது கன அடி, சுமார் 850 கிலோ. தூண்கள் தாங்க வேண்டியது இந்த எடையை. வேகம் கூடினாலும் குறைந்தாலும், நாலு அடி ஆழம் இருக்கிறவரை தூணுக்கு அதே 850 கிலோதான். வயலுக்குப் போய்ச் சேருவதோ 76.5 என்ற ஓட்டம். நிற்பது வேறு, ஓடுவது வேறு. நிற்பதற்குக் கிலோ, டன், டிஎம்சி. ஓடுவதற்கு அவற்றோடு ஒரு கால அளவு கட்டாயம் ஒட்டியிருக்க வேண்டும். மேலே சொன்ன ‘விநாடிக்கு’ விஷயத்தில் நான் இவ்வளவு கறாராக இருப்பது இதனால்தான்.

கன அளவை எடையாக்குவதில் ஒரு நுணுக்கம் உண்டு. நாஞ்சில் நாட்டில் நெல்லைக் கோட்டைக் கணக்கில் அளப்பார்கள், இருபத்தொரு மரக்கால் ஒரு கோட்டை. மரக்கால் அளப்பது நெல் அடைத்துக் கொள்ளும் இடத்தை. பதர் கலந்த நெல்லும் மரக்காலை நிரப்பும், முற்றிய நெல்லும் நிரப்பும். தராசில் வைத்தால்தான் வண்டவாளம் தெரியும். தண்ணீருக்கும் அப்படித்தான், ஆனால் நெல்லைவிட தண்ணீர் ரொம்ப யோக்கியம். நம்மூர் வெயிலில் 28 டிகிரி சூட்டில் இருக்கிற தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோவைவிட நாலு கிராம் குறைவு. ஒரு கன அடி 28.3 கிலோவுக்குப் பதில் 28.2 கிலோ. மணக்குடிக் காயலில் கடல் ஏறி உப்பாகி நிற்கிற தண்ணீரென்றால் கன அடிக்கு 29 கிலோ. வெள்ளக் கணக்குக்கு இந்த வித்தியாசமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஓடுகிற தண்ணீரை அளப்பதிலேயே ஐந்து, பத்து சதவீதம் பிசகும்.

ஆனால் வண்டலை மட்டும் பொருட்படுத்தத்தான் வேண்டும். செம்மண் நிறத்தில் வருகிற வெள்ளத்தில் லிட்டருக்கு ஒரே ஒரு கிராம் வண்டல் இருப்பதாக வைப்போம். அதனால் தண்ணீரின் எடை கூடிவிடாது. ஆனால் விநாடிக்கு 10,000 கன அடி வருகிறது என்றால் அதில் 2,83,000 லிட்டர், ஆகவே 283 கிலோ மண். மணிக்கு ஆயிரம் டன்னுக்கு மேல். ஒரு நாள் முழுக்க அதே வெள்ளம் நின்றால் 24,000 டன்னைத் தாண்டும். அணைகள் தூர்ந்து போவதற்கு வேறு மர்மம் எதுவும் வேண்டியதில்லை, இந்தப் பெருக்கல் போதும்.

இப்போது தலைப்பில் இருக்கிற எண். கோதையாறு பாசனத் திட்டத்தில் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெற்பருவங்களுக்கும் சேர்த்து ஜூன் 1 முதல் பிப்ரவரி 28 வரை, சுமார் 79,000 ஏக்கருக்கு, தேவைக்கேற்ப விநாடிக்கு 850 கன அடி வீதம் திறப்பது என்று அரசு அறிவிக்கும். 850 கன அடி என்றால் விநாடிக்கு 24 டன். மணிக்கு 86,650 டன். நாளுக்கு 20 லட்சத்து 80 ஆயிரம் டன். அதாவது அத்தனை கன மீட்டர். இதை 79,000 ஏக்கரில் பரப்பினால் எவ்வளவு உயரம் நிற்கும்? ஒரு ஏக்கர் சுமார் 4,047 சதுர மீட்டர். வகுத்துப் பார்த்தால் ஆறரை மில்லிமீட்டர். நெல் வயல் ஒரு நாளைக்குக் குடிப்பது, ஆவியாவது, மண்ணில் இறங்குவது எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ இந்த அளவில்தான் இருக்கும். பெரிய எண் ஒன்று கையில் கிடைத்தால் அதைச் சின்ன எண்ணாக்கி, நாம் கண்ணால் பார்க்கிற ஏதாவது ஒன்றோடு ஒத்துவருகிறதா என்று பார்ப்பதுதான் அலகு மாற்றுவதன் பயன். எண் ஒத்துவந்தால் நம்பலாம். ஆறரை மில்லிமீட்டருக்குப் பதில் ஆறரை அடி வந்திருந்தால் எங்கேயோ ஒரு சுழி கூடிப் போயிற்று என்று அர்த்தம்.

ஏக்கர் கணக்குக்கு ஒரு சுருக்குவழியும் உண்டு. ஒரு கியூசெக் ஒரு நாள் ஓடினால் இரண்டு ஏக்கரில் ஒரு அடி தண்ணீர் நிற்கும். துல்லியமாகச் சொன்னால் 1.98 ஏக்கர் அடி. விளவங்கோடு பக்கத்து விவசாயிகள் 2004இலிருந்து கேட்டுக் கொண்டிருக்கும் நெய்யாறு இடதுகரைக் கால்வாய்த் தண்ணீர் விநாடிக்கு 150 கன அடி, 9,200 ஏக்கருக்கு. 150 கியூசெக் ஒரு நாளைக்கு சுமார் 300 ஏக்கர் அடி. 9,200 ஏக்கரில் பரப்பினால் நாளுக்கு ஒரு சென்டிமீட்டர். கேட்கிற அளவு அதிகமா குறைவா என்று தர்க்கம் பண்ணுகிறவர்கள் இந்த ஒரு சென்டிமீட்டரிலிருந்து தொடங்கினால் நன்றாக இருக்கும். கால்வாயில் கசிவதும் அதில் அடக்கம்.

850க்குத் திரும்புவோம். ஜூன் 1 முதல் பிப்ரவரி 28 வரை 273 நாள். ஒரு கியூசெக் ஒரு நாளைக்கு 86,400 கன அடி. 850 கியூசெக் ஒரு நாளைக்கு 73.4 மில்லியன் கன அடி. 273 நாளும் நிறுத்தாமல் விட்டால் 20,000 மில்லியன் கன அடி, அதாவது 20 டிஎம்சி. ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி, 2 கோடியே 83 லட்சம் டன். ஆனால் பேச்சிப்பாறையும் பெருஞ்சாணியும் விளிம்பு வரை நிறைந்தாலும் இரண்டிலும் சேர்ந்து 7.24 டிஎம்சிதான். அப்படியானால் மீதி எங்கிருந்து வரும்? தென்மேற்கிலும் வடகிழக்கிலுமாக இரண்டு பருவமழை அணைகளைத் திரும்பத் திரும்ப நிரப்ப வேண்டும், நடுவே மழைநாளில் மதகை அடைத்தும் குறைத்தும் வைக்க வேண்டும். ‘தேவைக்கேற்ப’ என்ற சொல்லுக்குள் இவ்வளவும் இருக்கிறது. அணையில் இருப்பதை மட்டும் நம்பி முழுப் பயிர் வைக்க முடியாது என்பதை அந்த 20க்கும் 7க்கும் உள்ள இடைவெளி சொல்லிவிடுகிறது.

டிஎம்சியைக் கியூசெக்காக்க ஒரு எண் போதும். 11,574 கியூசெக் ஒரு நாள் ஓடினால் ஒரு டிஎம்சி. 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து சுமார் 2 லட்சம் கன அடி வெளியேறியதே, அது நாளுக்கு 17 டிஎம்சி. விநாடிக்கு 5,660 டன். நம் இரண்டு பெரிய அணைகளும் அந்த வேகத்தில் பத்து மணி நேரத்தில் நிரம்பி வழிந்துவிடும்.

வெள்ளக் காலத்தில் வரத்தும் திறப்பும் சேர்ந்துதான் அர்த்தப்படும். வரத்து 5,000, திறப்பு 1,000 என்றால் அணையில் சேர்வது 4,000 கியூசெக், நாளுக்கு 346 மில்லியன் கன அடி. அணையில் இன்னும் எவ்வளவு இடம் பாக்கி என்பதை இதால் வகுத்தால், ஷட்டரைத் தூக்க எத்தனை நாள் இருக்கிறது என்று வீட்டிலிருந்தே சொல்லிவிடலாம். ஆற்றோரத்தில் ‘பேச்சிப்பாற தொறந்தாச்சாம்’ என்று பேச்சு கிளம்புகிறபோது கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு திறந்தார்கள் என்பதோடு, எத்தனை மணி நேரத்துக்கு என்பதும். திற்பரப்பில் குளிக்கத் தடை போடுவதும் குழித்துறையில் தரைப்பாலம் முங்குவதும் அந்த இரண்டையும் பொறுத்தது.

வரத்து எங்கிருந்து வருகிறது? மழையிலிருந்து. மழையை சென்டிமீட்டரில் சொல்கிறார்கள், ஆற்றைக் கன அடியில் சொல்கிறார்கள், இரண்டுக்கும் நடுவே பாலம் இல்லாததால்தான் மழைச் செய்தி நமக்கு வெள்ளச் செய்தியாகக் கேட்பதில்லை. பாலம் இதுதான். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் 1,000 டன். அந்த ஒரு மில்லிமீட்டர் ஒரு மணி நேரத்தில் பெய்தால் சுமார் பத்து கியூசெக். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஒன்பதரை லட்சம் டன். விநாடிக்கு 11 டன், 388 கியூசெக். அதுவும் ஒரு நாள் முழுக்க, ஒரே ஒரு சதுர கிலோமீட்டரில். கோதையாறு பாசனத்துக்கு அறிவிக்கிற 850 கன அடியில் ஏறக்குறைய பாதி. இப்படி எத்தனை சதுர கிலோமீட்டர் என்று யோசித்துப் பார்த்தால், அந்த வெள்ளம் வடிய ஏன் அத்தனை நாள் ஆனது என்று யாரும் கேட்க மாட்டார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டம் சுமார் 1,670 சதுர கிலோமீட்டர். பத்து சென்டிமீட்டர் மழை எல்லா இடத்திலும் ஒரே நாளில் பெய்தால் 16 கோடியே 70 லட்சம் டன், 5.9 டிஎம்சி. பெய்ததெல்லாம் ஆற்றுக்கு வராது, மண் குடிக்கும், குளம் பிடிக்கும். ஆனாலும் குளங்களை நிரவிக் கட்டடம் கட்டுகிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்க்கலாம்.

இதுவரை தண்ணீர். எடைக்கு மாற்றிப் பார்ப்பதன் உண்மையான லாபம் வேறுவேறு பொருள்களை ஒரே தராசில் வைக்கும்போதுதான் தெரியும். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதும் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரி. இஸ்ரோவின் விகாஸ் எஞ்சினை அங்கேதான் ஓட்டிப் பார்க்கிறார்கள். 2023 ஜூலை 14ஆம் தேதி சந்திரயான்-3ஐக் கொண்டுபோன எல்விஎம்-3 ராக்கெட்டின் திரவ எரிபொருள் கட்டத்தில் இரண்டு விகாஸ் எஞ்சின்கள். அவை சுமார் 115 டன் எரிபொருளை சுமார் 200 விநாடியில் தீர்த்துவிடும். விநாடிக்கு ஏறத்தாழ 570 கிலோ. இருபது கியூசெக். ஒரு சின்னக் கிளை வாய்க்காலின் ஓட்டம்! நிலவுக்கு மனிதர்களை அனுப்பிய சாட்டர்ன்-5 ராக்கெட்டின் முதல் கட்டம் விநாடிக்கு சுமார் 13 டன் எரித்தது. அது 460 கியூசெக். எடைக் கணக்கில் பார்த்தால் நம் பாசனத் திறப்பில் பாதிக்குச் சற்று மேல்தான்.

அப்படியென்றால் வாய்க்கால் ஏன் பறக்கவில்லை? விநாடிக்கு எத்தனை கிலோ என்பதை எத்தனை வேகத்தில் வெளியே தள்ளுகிறோம் என்பதால் பெருக்கினால்தான் உந்துவிசை. ராக்கெட்டில் அந்த 570 கிலோ விநாடிக்கு சுமார் 2,800 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. வாய்க்காலில் ஒரு மீட்டர் வேகம். இதே பெருக்கல்தான் வெள்ளத்தில் பாலத்தூண் சாய்வதற்கும் காரணம். விநாடிக்கு 283 டன் தண்ணீர், அதாவது 10,000 கியூசெக், நாலு மீட்டர் வேகத்தில் வந்து ஒரு தடுப்பில் முட்டி நின்றால் அந்தத் தடுப்பின்மேல் சுமார் 115 டன் எடைக்குச் சமமான விசை. மின்சாரத்துக்கும் எடைதான் வேண்டும். விநாடிக்கு ஒரு டன் தண்ணீர் நூறு மீட்டர் விழுந்தால் 980 கிலோவாட். குழாயிலும் டர்பைனிலும் கொஞ்சம் இழந்து மீதி கையில் வரும். கோதையாறு மின்நிலையங்கள் இரண்டும் 60, 40 மெகாவாட் தருவது இந்தக் கணக்கில்தான்.

குமரிமுனைக்குப் போனால் அலகுகளும் பெருத்துவிடும். கடல் நீரோட்டத்தை அளக்கக் கியூசெக் போதாது. மீனவர் நீவாடு என்று சொல்கிற அந்த ஓட்டத்தை ஆய்வாளர்கள் ஸ்வெர்ட்ரப் என்ற அலகில் சொல்வார்கள், நார்வே நாட்டுக் கடலியல் அறிஞர் ஹரால்ட் ஸ்வெர்ட்ரப் பெயரில். ஒரு ஸ்வெர்ட்ரப் என்றால் விநாடிக்குப் பத்து லட்சம் கன மீட்டர். உப்புத் தண்ணீர் என்பதால் எடை பத்தேகால் லட்சம் டன். கியூசெக்கில் மூன்றரை கோடி. பேச்சிப்பாறை அணை காலியாக இருந்தால் ஒரு ஸ்வெர்ட்ரப் அதை இரண்டே நிமிஷத்தில் நிரப்பிவிடும். உலகிலேயே பெரிய ஆறான அமேசான் விநாடிக்கு சுமார் 2 லட்சம் டன், ஒரு ஸ்வெர்ட்ரப்பில் ஐந்தில் ஒரு பங்கு. உலகத்து ஆறுகள் அத்தனையும் சேர்ந்தாலும் ஒன்றேகால் ஸ்வெர்ட்ரப் தேறாது. இலங்கைக்குத் தெற்கே பருவக்காற்றோடு திசை மாறும் நீரோட்டம் மட்டுமே பத்து ஸ்வெர்ட்ரப்புக்கு முன்பின்னாக இருக்கும்.

இன்னொரு பெரிய அலகு ஆண்டுக்கு இத்தனை கிகாடன் என்பது. ஒரு கிகாடன் நூறு கோடி டன். ஆண்டுக்கு ஒரு கிகாடன் என்றால் விநாடிக்கு 31.7 டன், 1,120 கியூசெக். கிரீன்லாந்து பனிப்படலம் 2002க்குப் பிறகு சராசரியாக ஆண்டுக்கு சுமார் 270 கிகாடன் இழந்து வருவதாகச் செயற்கைக்கோள் அளவீடுகள் காட்டுகின்றன. விநாடிக்கு 8,560 டன், மூன்று லட்சம் கியூசெக். 2018 மேட்டூர் வெள்ளத்தைப் போல ஒன்றரை மடங்கு, இரவு பகல் நிற்காமல், வருஷம் பூராவும். 360 கிகாடன் கடலில் சேர்ந்தால் உலகக் கடல்மட்டம் ஒரு மில்லிமீட்டர் ஏறும். மனிதர்கள் எரிபொருள் எரித்து விடும் கார்பன் டை ஆக்சைடு ஆண்டுக்கு சுமார் 37 கிகாடன். புகையை யார் கன அடியில் அளப்பது? சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் தக்கபடி அது அடைக்கும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். எடை மாறாது. விநாடிக்கு 1,170 டன், அதே எடைத் தண்ணீராக நினைத்தால் 41,000 கியூசெக்.

மாற்றும்போது எங்கே சறுக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டன் மூன்று வகை. நாம் சொல்வது 1,000 கிலோ. அமெரிக்க டன் 907 கிலோ, பழைய பிரிட்டிஷ் டன் 1,016 கிலோ. 850 கன அடி நம் டன்னில் மணிக்கு 86,650; அமெரிக்க டன்னில் 95,500. வெளிநாட்டு எஞ்சின், பம்ப் விவரக் குறிப்புகளில் இது அடிக்கடி காலை வாரும். அடுத்தது லட்சமும் மில்லியனும். பத்து லட்சம் ஒரு மில்லியன், நூறு கோடி ஒரு பில்லியன். 4,350 மில்லியன் கன அடியை 4,350 லட்சம் என்று மாற்றிவிட்டால் அணை பத்தில் ஒன்றாகச் சுருங்கிப் போகும். கால்குலேட்டர் இதைக் கண்டுபிடிக்காது. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அதன் அலகை எழுதிக்கொண்டே போய், கடைசியில் ‘டன்’னும் ‘மணி’யும் மட்டும் மிஞ்சுகிறதா என்று பார்ப்பதுதான் ஒரே வழி. பள்ளிக்கூடத்தில் விடைக்கு அலகு எழுதாவிட்டால் அரை மார்க் குறைத்த வாத்தியார் சரியாகத்தான் செய்தார்.

செய்தி எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அணை திறப்புச் செய்தியில் ‘விநாடிக்கு’ என்பதை விடாமல் போடுங்கள்; எந்த மணியிலிருந்து எவ்வளவு நேரத்துக்கு என்று ஒரு வரி சேருங்கள்; நீர்மட்டத்தைக் கொள்ளளவு என்று எழுதாதீர்கள். வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ‘விநாடிக்கு’ இல்லாமல் ஒரு கன அடிச் செய்தி வந்தால் அந்தப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் போடுங்கள். கடிதத்தில் மறக்காமல் மணிக்கு எத்தனை டன் என்பதையும் எழுதிவிடுங்கள்.